ஜூம் செய்தால் அபெர்ச்சர் எண் ஏறுவது பழுதா? காம்பாக்ட் கேமராக்களின் துளைக் கணக்கு

தம்பி கேட்டிருப்பது இதுதான். பழைய கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்50 எச்எஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். சாயங்காலம் கன்னியாகுமரி கரையில் நின்று, ஏவி மோடில் (அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழைகிற துளையின் எஃப் எண்ணை நாமே தேர்ந்தெடுக்கிற முறை) எஃப்/3.4 என்று வைத்துவிட்டுத் திருவள்ளுவர் சிலையை நோக்கி ஜூம் செய்தால் அந்த எண் தானாக ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 6.5-இல் நிற்கிறது. படமும் கலங்கி, புள்ளிபுள்ளியாக வருகிறது. சர்வீஸ் கடை ஒன்றில் காட்டியதற்கு "ஐரிஸ் போயிட்டு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்களாம். ஐரிஸ் என்பது லென்ஸுக்குள் அந்தத் துளையைச் சுருக்கி விரிக்கிற இலைகள். உண்மையிலேயே பழுதா, பழுதில்லை என்றால் ஏன் இப்படி, விற்றுவிட்டு ஜூம் முழுக்க எஃப்/2.8 நிற்கிற கேமராவாக வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

பழுது இல்லை. லென்ஸின் முன்வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். 4.3-215.0 மி.மீ., 1:3.4-6.5 என்று அச்சிட்டிருக்கும். முதல் ஜோடி, ஜூமின் இரண்டு முனைகளில் லென்ஸின் குவியத் தூரம். காட்சி அகலமாகத் தெரிவது வைடு முனை, தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரிவது டெலி முனை. இரண்டாவது ஜோடி, அந்தந்த முனையில் லென்ஸ் முழுசாகத் திறந்திருக்கும்போது உள்ள எஃப் எண். வைடு முனையில் 3.4, டெலி முனையில் 6.5. கேமரா தயாரானபோதே எழுதிவைத்த கணக்கு அது. உங்கள் கேமரா அதன்படியே நடக்கிறது. ஐரிஸ் மாற்றப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பெரும்பாலானவர்கள் இங்கே ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எண் ஏறுவதைப் பார்த்ததும் கேமரா துளையைச் சுருக்குகிறது என்று நினைக்கிறோம். யாரும் எதையும் சுருக்கவில்லை. 6.5 காட்டும்போதும் ஐரிஸ் முழுசாகத் திறந்துதான் இருக்கிறது. எஃப் எண் என்பது துளையின் அளவு இல்லை, ஒரு வகுத்தல் விடை. லென்ஸின் குவியத் தூரத்தை, முன்னாலிருந்து பார்க்கும்போது தெரிகிற துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. உங்கள் கேமராவுக்கே போட்டுப் பாருங்கள். வைடில் 4.3-ஐ 3.4-ஆல் வகுத்தால் துளை விட்டம் 1.26 மி.மீ. டெலியில் 215-ஐ 6.5-ஆல் வகுத்தால் 33 மி.மீ. ஜூம் செய்யும்போது துளை சுருங்கவே இல்லை, இருபத்தாறு மடங்கு விரிந்திருக்கிறது. ஆனால் குவியத் தூரம் ஐம்பது மடங்கு நீண்டுவிட்டது. விரிவு நீளத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலைத்தான் 3.4 என்பது 6.5 ஆனதாகத் திரையில் பார்க்கிறீர்கள்.

இந்த வகுத்தலைப் போடும்போது, உங்கள் கேமராவின் ஜூமுக்குச் சொல்கிற 24-1200 மி.மீ. என்கிற எண்ணை எடுத்துவிடாதீர்கள். அது 35 மி.மீ. ஃபிலிமோடு ஒப்பிட்டுச் சொல்கிற எண். காட்சி எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பதற்கு மட்டும்தான் அது உதவும். 1200-ஐ 6.5-ஆல் வகுத்தால் 185 மி.மீ. வரும். அப்படியானால் லென்ஸின் முன்கண்ணாடி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்க வேண்டும்.

"முன்னாலிருந்து பார்க்கும்போது தெரிகிற துளை" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கிற ஐரிஸ் தகடு அநேகமாக அதே அளவில்தான் இருக்கும். முன்னாலிருக்கும் கண்ணாடிகள் இடம் மாறுவதால் அதன் பிம்பம் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறது. பாக்கெட்டில் போடுகிற மூன்று, நான்கு மடங்கு ஜூம் கேமராக்களில் இது இன்னும் தெளிவு. அவற்றில் பலவற்றில் முன்னால் ஒளியை விரிக்கிற ஒரு கண்ணாடித் தொகுதி, அதற்குப் பின்னால் ஒளியைக் குவிக்கிற தொகுதி. ஐரிஸ் இந்த இரண்டாவது தொகுதியோடு ஒட்டியே நகரும். ஜூம் செய்தால் இரண்டாவது தொகுதி, படம் பதிகிற சென்சாரை விட்டு முன்னால் விலகிப் போகிறது. துளை அதேதான், சென்சாருக்கும் அதற்கும் இடையிலான தூரம் கூடிவிட்டது. நம்ம ஊர் ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்குப் பதிக்கிற கண்ணாடி ஓடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்வான சாய்ப்பில் ஒரு ஓடு பதித்தால் தரை பளிச்சென்று இருக்கும். அதே ஓடு உயரமான கூரையில் இருந்தால் கீழே விழுகிற வெளிச்சம் மங்கிவிடும். ஓடு சிறுத்துவிட்டதா என்ன? தூரம் கூடியது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வியப்பு உண்டு. 50 மடங்கு ஜூம் உள்ள உங்கள் கேமராவை விட, சின்ன ஜூம் உள்ள சில பாக்கெட் கேமராக்கள் அதிக வெளிச்சத்தை இழக்கும். 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான குவியத் தூரம் 10.4-37.1 மி.மீ., எஃப் எண் 1.8-4.9. வகுத்தால் துளை வைடில் 5.8 மி.மீ., டெலியில் 7.6 மி.மீ. துளை கொஞ்சம்தான் விரிகிறது. அதனால் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது, ஏறத்தாழ மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இழப்பு என்றால் வெளிச்சம் பாதியாவது). உங்கள் எஸ்எக்ஸ்50-இல் 3.4-லிருந்து 6.5 வரை போனால் இழப்பு இரண்டு ஸ்டாப்புக்கும் சற்றுக் குறைவு, அதாவது நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலான வெளிச்சம் மிச்சம். ஆர்எக்ஸ்100-இல் சென்சார் பெரிது, 1.8 என்கிற நல்ல இடத்தில் தொடங்குகிறது, அதனால் மொத்தத்தில் அது தாழ்ந்த கேமரா ஆகிவிடாது. ஆனால் பெட்டியில் "எஃப்/1.8" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது வைடு முனைக்கு மட்டும் உரியது. கேமரா வாங்குகிறவர்கள் அதற்கடுத்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே வரிசையில் 2014-இல் வந்த மூன்றாவது மாடலில் ஜூமை 24-70 என்று குறைத்து, எண்ணை 1.8-2.8 என்று வைத்தார்கள். நீளத்தைக் கொடுத்து வெளிச்சத்தை வாங்கினார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

எல்லாரும் ஏன் மாறாத எண்ணோடு செய்யக் கூடாது? செய்திருக்கிறார்கள். பானாசோனிக் எஃப்இசட்200, 2012. 25-600 முழுக்க எஃப்/2.8. சோனி ஆர்எக்ஸ்10, 2013. 24-200 முழுக்க எஃப்/2.8. விலை கண்ணாடியில்தான் இருக்கிறது. எஃப்இசட்200-இன் டெலி முனை உண்மையில் 108 மி.மீ., அதற்கு 38.6 மி.மீ. துளை வேண்டும். அதே 2.8-ஐ உங்கள் 215 மி.மீ. வரை இழுத்தால் 77 மி.மீ. துளை வேண்டும். அந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மருந்துவாழ்மலை ஏற முடியாது. நீண்ட ஜூம் வேண்டும், கைக்கு அடங்கவும் வேண்டும் என்றால் எண் ஏறத்தான் செய்யும். நிக்கான் பி900, 2000 மி.மீ. வரை போய் 6.5-இல் நிற்கிறது. பி1000, 3000 வரை போய் 8-இல் நிற்கிறது, எடையும் 1400 கிராமைத் தாண்டிவிட்டது.

இனி உங்கள் படம் கலங்கியதற்கு வருவோம். எஃப் எண்ணின் மேல் பழி போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

சூரியன் மறைந்த பிறகு, வைடில் எஃப்/3.4-இல் 1/60 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கிறது என்று வைப்போம். ஐஎஸ்ஓவை (சென்சார் ஒளியை உணர்கிற அளவை) மாற்றாமல் முழு ஜூம் போனால் 6.5-இல் அது ஏறத்தாழ 1/16 ஆகும். இது அபெர்ச்சரால் வந்த இழப்பு, இரண்டு ஸ்டாப் கூட இல்லை. ஆனால் கையில் பிடித்து எடுக்கும்போது ஷேக் இல்லாமல் இருக்க, 24 மி.மீ. காட்சிக்கு 1/25 நொடி போதும். 1200 மி.மீ. காட்சிக்கு 1/1200 வேண்டும் என்பது பழைய கைவிதி. இது ஐம்பது மடங்கு, அதாவது ஐந்தரை ஸ்டாப்புக்கு மேல். லென்ஸ் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு, கைநடுக்கம் எடுத்துக்கொண்டது ஐந்தரை. கைநடுக்கத்தைச் சரிக்கட்டுகிற ஸ்டெபிலைசர் நாலு ஸ்டாப் காப்பாற்றுகிறது என்றே வைத்தாலும் 1/75 நொடி வேண்டும். உங்களிடம் இருப்பது 1/16. இந்தப் பற்றாக்குறையைச் சரிக்கட்டத்தான் கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றுகிறது. அந்தச் சின்ன சென்சாரில் ஏற்றினால் கிரெயின்ஸ் வருகிறது. போதாததற்கு ஷட்டரும் மெதுவாகிறது. ஒரே படத்தில் கலக்கமும் புள்ளியும் சேர்ந்து வந்ததன் கதை இதுதான்.

அதனால் கேமராவை விற்கிற யோசனையை விடுங்கள். புதுக் கேமராவுக்குப் போகிற பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு நல்ல ஸ்டாண்டு வாங்குங்கள். சிலை அசைவதில்லை. ஸ்டாண்டில் வைத்து, ஐஎஸ்ஓவை 100-இல் பூட்டி, இரண்டு நொடி டைமரைப் போட்டு எடுத்தால் 1/16 என்ன, அரை நொடி கூட ஓடட்டும். இரவில் சிலைக்கு விளக்குப் போட்ட பிறகும் இதே வழிதான். ஸ்டாண்டில் இருக்கும்போது ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். கடற்கரையில் காற்று சும்மா இருக்காது, அதுவும் ஆனியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டாண்டின் நடுக்கம்பை உயர்த்தாமல், கால்களைக் குட்டையாக விரித்து, நடுவே பையைத் தொங்கவிடுங்கள். தொங்கும் பை ஆடாமல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, முழு ஜூம் உங்களுக்குத் தேவையே இல்லை. சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, 40 மீட்டருக்குச் சற்று மேல். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் என்று வைத்தால், முழுச் சிலையும் சட்டத்துக்குள் அடங்க 300 மி.மீ. காட்சியே போதும். 1200 போனால் முகமும் தோளும்தான் கிடைக்கும். 300-இல் நின்றால் எஃப் எண்ணும் அவ்வளவு ஏறியிருக்காது, கைவிதிப்படி 1/300, ஸ்டெபிலைசர் உதவியோடு 1/20 கூடச் சமாளிக்கலாம். கைநடுக்கத்தில் மட்டும் இரண்டு ஸ்டாப் மிச்சம். அதோடு கடலுக்கு மேலே கொதிக்கிற காற்றும் உப்புப் புகையும் 1200-இல் படத்தை எப்படியும் மெழுகிவிடும். அதற்கு எந்த அபெர்ச்சரும் மருந்தில்லை.

எஃப் எண் உண்மையிலேயே கையைக் கட்டிப்போடுவது அசைகிற பொருளை எடுக்கும்போது. விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 2024 கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடப்பவர்களையோ, சின்னமுட்டம் துறைமுகத்துக்குத் திரும்பும் வள்ளத்தையோ எடுக்கும்போது ஸ்டாண்டும் ஸ்டெபிலைசரும் பாதிக்கு மேல் உதவாது. ஆள் நடந்தால் 1/125 வேண்டும். தேரூர்க் குளத்தில் கொக்கு இறக்கை விரித்தால் 1/500-க்குக் கீழே போனால் இறக்கை கரைந்துவிடும். இங்கே 6.5 என்பது நிஜமான தடை. வெளிச்சம் உள்ள நேரமாகப் பார்த்துப் போவதுதான் ஒரே வழி. தேரூருக்கு நான் யாரையும் சாயங்காலம் போகச் சொல்வதில்லை. காலையில் வெயில் ஏறி, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வந்த பிறகு போங்கள். அப்போது 6.5 தாராளமாகப் போதும்.

நிலாவுக்கும் போதும், பலர் இதை நம்புவதில்லை. ராத்திரிதானே என்று ஐஎஸ்ஓவை ஏற்றிவிடுகிறார்கள். நிலாவின் மேல் படுவது சூரிய வெளிச்சம். முழுநிலா உச்சிக்குப் போனபின் எஃப்/6.5, ஐஎஸ்ஓ 100 வைத்தால் 1/250 கிடைக்கும். சித்ரா பௌர்ணமியன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதை எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு வேறு. கடல் விளிம்பில் சிவந்து நிற்கிற நிலா ரொம்ப மங்கல், இரண்டு மூன்று ஸ்டாப் கூட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனை மாதிரி மரமும் இருட்டுமான உள்ளறைகளில் ஜூமைத் தொடவே தொடாதீர்கள். வைடில் 3.4-இல் நின்று, காலால் நடந்து கிட்டே போங்கள்.

பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் "எண் சின்னதாக இருந்தால்தான் பின்னணி மங்கும், ஆகவே வைடிலேயே எடுப்போம்" என்று நினைப்பார்கள். காம்பாக்டில் இது எடுபடாது. முகத்தில் ஃபோக்கஸ் வைத்தால், வெகுதூரத்தில் இருக்கிற பின்னணிப் புள்ளி ஒவ்வொன்றும் அந்த முகத்தின் மேல் துளை விட்டத்தின் அளவுக்கு விரிந்து படியும். வைடில் அது 1.26 மி.மீ., ஒன்றும் தெரியாது. முழு டெலியில் 33 மி.மீ., ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல். எண் பெரிது, துளையோ அதைவிடப் பெரிது. தோவாளைப் பூச்சந்தைக்கு விடிகாலையில் போனால், வெளிச்சம் வந்ததும் ஏழெட்டு மீட்டர் பின்னால் தள்ளி நின்று, ஜூம் செய்து, கொட்டிவைத்திருக்கிற பிச்சிப்பூவில் ஒரு கொத்தை மட்டும் பிடியுங்கள். பின்னால் நிற்கிற ஆட்களும் சாக்கு மூட்டைகளும் வண்ணத் திட்டாகக் கரைந்துவிடும். அந்த 6.5-இல்தான் இது வரும், 3.4-இல் வராது.

எதிர்ப்பக்கம், டெலியில் எஃப்/8 வைத்துக் கூர்மையை ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். துளை விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், எஃப்/8-இல் ஒரு ஒளிப்புள்ளி ஏறத்தாழ 10.7 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்துக்குப் படரும். உங்கள் சென்சாரில் ஒரு பிக்சல் 1.5 மைக்ரான்தான். ஒரு புள்ளி ஏழு பிக்சலைத் தின்கிறது. அதனால்தான் இந்த வகைக் கேமராக்கள் எஃப்/8-க்கு மேல் போக விடுவதில்லை. டெலியில் எப்போதும் முழுத் திறப்பில் எடுப்பதே நல்லது. இதைவிட மலிவான பல காம்பாக்ட்களில் சுருங்கி விரிகிற இலைகளே கிடையாது. வெயில் கூடினால் என்டி ஃபில்டர் என்கிற கருங்கண்ணாடித் துண்டு ஒன்று குறுக்கே விழும். அவற்றில் அபெர்ச்சரைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆப்டிகல் ஜூம் முடிந்து டிஜிட்டல் ஜூமுக்குள் போனால் எண் 6.5-லேயே நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே லென்ஸ் நகரவில்லை, படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். அந்த வேலையை வீட்டில் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம், டிஜிட்டல் ஜூமை அணைத்து வையுங்கள்.

ஜூமை உள்ளே இழுத்தபிறகு எண் பழையபடி 3.4-க்கு இறங்குமா என்பது கேமராவுக்குக் கேமரா வேறுபடும். சில தானாக இறங்கும், சில ஏறிய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். வைடுக்குத் திரும்பியதும் திரையை ஒருமுறை பார்த்துக்கொள்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அரண்மனைக்குள் 6.5-இலேயே எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஐரிஸ் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நிழலில் இருக்கிற ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள். ஏவி மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப்/8. வைடில் ஒரு படம், நடுவில் ஒன்று, முழு டெலியில் ஒன்று. 8 என்பது எல்லா இடத்திலும் லென்ஸுக்கு எட்டக்கூடிய எண் என்பதால் ஜூம் செய்தாலும் அது மாறக் கூடாது, ஷட்டர் வேகமும் பெரிதாக மாறக் கூடாது, மூன்று படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பிறகு வைடிலேயே 3.4, 5.6, 8 என்று மூன்று எடுங்கள். இவையும் ஒரே வெளிச்சத்தில் வந்தால் ஐரிஸ் ஒழுங்காகச் சுருங்கி விரிகிறது என்று அர்த்தம். 8 வைத்த படம் மட்டும் வெளுத்துப் போனால் இலைகள் திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 3.4 வைத்த படம் மட்டும் கறுத்தால் மூடியபடி சிக்கியிருக்கலாம். ஜூம் செய்யும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, லென்ஸ் எரர் என்று காட்டி அணைந்தாலோ அது ஐரிஸின் கோளாறாக இல்லாமல், குழலுக்குள் மணல் ஏறியதாகவும் இருக்கலாம். முட்டம், சொத்தவிளை பக்கம் காற்றில் லென்ஸை நீட்டிவைத்துக்கொண்டு நடந்தால் இது நடக்கும். அப்படி ஏதாவது தென்பட்டால், எடுத்த படங்களையும் கூடவே கொண்டுபோய்க் காட்டி, எந்த எண்ணில் எது கெட்டது என்று சொல்லி வேலைக்குக் கொடுங்கள். படங்கள் எல்லாம் சமமாக வந்தால் கடைப்பக்கம் போகவே வேண்டாம்.